கதாநாயகி யோசிக்கும் இடம்

காதல் நாவல் எழுதுகிறேன் என்று சொன்னால், இரண்டு பேரும் எப்படிச் சந்திக்கிறார்கள், கடைசியில் சேர்கிறார்களா என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். சந்திக்க வைப்பது பெரிய வேலை இல்லை. ஒரு மழை போதும், ஒரு கல்யாண வீடு போதும். சேர்த்து வைப்பதும் எழுதி எழுதிக் கைக்கு வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, பெண் தனியாக இருந்து, இவன் எனக்கு வேண்டுமா வேண்டாமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் அத்தியாயம் ஒன்று வரவேண்டும். காதல் நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அந்த அத்தியாயத்தை எழுதத் தெரிந்தவர்களைத்தான் நம் பெண்கள் தேடித் தேடி வாசித்திருக்கிறார்கள். தெரியாதவர்களின் புத்தகம் எவ்வளவு அழகான அட்டையோடு வந்தாலும் இரண்டாவது கைக்குப் போவதில்லை.

நான் வத்தேகமயில் இருந்து எழுதுகிறவள். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் கோச்சி, கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி, உக்குவளைக்கு முன்னால் நிற்கும் ஊர். 1880இல் திறந்த பாதை அது. பஸ்ஸில் என்றால் மடவளை வழியாக வரலாம். ஊரிலிருந்து பன்வில பாதையில் ஏறினால் நக்கிள்ஸ் மலை கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வழியெல்லாம் தேயிலை, தாழ்ந்த இடங்களில் மிளகும் கொக்கோவும். தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே கதை எழுதப் பழகினேன். என் வாசகிகளில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப்பேர் அவர்களுடைய தாய்மார்.

தமிழ் நாவலுக்குக் கண்டி புதிய இடம் அல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலாகச் சொல்லப்படும் 'அசன்பே சரித்திர'த்தை 1885இல் எழுதிய சித்திலெப்பை இந்தக் கண்டிக்காரர், வழக்கறிஞர், 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவர். பத்து வருஷம் கழித்து, 1895இல், திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத்துக் காதல் ஒன்றை எடுத்து 'மோகனாங்கி' எழுதினார். தமிழில் நாவல் பேசத் தொடங்கியபோதே இந்தத் தீவும் கூடச் சேர்ந்து பேசியிருக்கிறது. ஆனால் எங்கள் தோட்டங்களில் பெண்கள் கை மாற்றி மாற்றி வாசித்ததும், இன்றும் வாசிப்பதும் ரமணிசந்திரனைத்தான்.

'வளையோசை', 'வெண்ணிலவு சுடுவது ஏன்?' என்று நூற்றைம்பதுக்கு மேல் எழுதியவர். சென்னை அருணோதயம் பதிப்பகம் போட்ட புத்தகங்கள் கண்டிக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி இங்கே வரும். ஒரு பிரதி தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள் போனால் திரும்பி வரும்போது அட்டை இருக்காது. பத்திரிகைத் தாளில் புது அட்டை போட்டு, முதுகில் கோதுமை மாப் பசை தடவி, மேலே பேனையால் கதையின் பெயரை எழுதியிருப்பார்கள். வாசித்தவர்கள் தங்கள் பெயரின் முதல் எழுத்தை உள்ளே மூலையில் சின்னதாகப் போட்டுவிடுவார்கள், ஒரே புத்தகத்தை மறுபடி எடுத்துவிடாமல் இருக்க. எந்த எழுத்தாளர் எத்தனை கை மாறினார் என்று அந்த மூலையைப் பார்த்தாலே தெரியும்.

ரமணிசந்திரன் அந்த நடு அத்தியாயத்தை எப்படி எழுதுகிறார் என்று நான் வரி வரியாகப் பார்த்திருக்கிறேன். அவரைக் குறைத்துப் பேசுகிறவர்கள் அந்தப் பக்கங்களை நிதானமாக வாசித்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆணும் பெண்ணும் கூர்மையாக நாலு வார்த்தை பேசிப் பிரிவார்கள். அவன் போய்விடுவான். அதற்குப் பிறகுதான் ரமணிசந்திரன் வேலையைத் தொடங்குவார். 'அவள் நினைத்தாள்' என்று சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். படர்க்கையில் போய்க்கொண்டிருக்கும் வாக்கியம் சத்தமில்லாமல் அவள் மனதுக்குள் இறங்கிவிடும். சின்னச் சின்னக் கேள்விகள் வரும். ஒரு கேள்விக்கு அவளே பதில் சொல்வாள், அந்தப் பதிலை அவளே அடுத்த வரியில் சந்தேகப்படுவாள். அவன் செய்தது சரி என்று ஒரு பக்கம் வாதாடி, தன்மானத்தின் பக்கம் நின்று மறுபடி வாதாடி, தூக்கம் வராமல் புரளும்போது அத்தியாயம் முடியும். வெளியே ஒரு சம்பவமும் நடந்திருக்காது. ஆனால் பக்கத்தைத் திருப்பாமல் இருக்க முடியாது. ஒரு பெண்ணின் மனதில் நடக்கும் வழக்கு விசாரணையைச் சண்டைக் காட்சி மாதிரி விறுவிறுப்பாகச் சொல்ல முடியும் என்று காட்டியது அவருடைய சாதனை.

அந்தப் பக்கங்களைப் பற்றி எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் சொன்னது என் எழுத்தையே வேறு பக்கம் திருப்பியது. கொழுந்து எடுப்பவர். வாசிப்பில் என்னைவிட வேகம். வாங்கிக்கொண்டு போன புத்தகத்தைத் திருப்பித் தரும்போது சொன்னார்:

"டீச்சர், இந்தப் புள்ளைக்கு அழுவுறதுக்குன்னு ஒரு ரூம்பு இருக்கு பாத்தீங்களா? கதவச் சாத்திக்கிட்டு அழுவுது. நம்ம ஆளுக அழுவணும்னா கொழுந்து மலைக்குத்தான் போவணும்."

"அங்கேயும் கங்காணி ஐயா நிப்பாரே அக்கா?"

"நிக்கட்டும். மழைத் தண்ணின்னு சொல்லிக்கலாம்."

குறையாகச் சொல்லவில்லை. அந்தக் கதை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் அன்றிலிருந்து எந்த நாவலை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது, இதில் கதாநாயகி எங்கே இருந்து யோசிக்கிறாள் என்பதைத்தான்.

தேடிப் பார்த்தால் ஒவ்வொரு எழுத்தாளரும் அதற்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். லட்சுமியின் பெண்கள் வேலைக்கு நடுவே யோசிக்கிறார்கள். திரிபுரசுந்தரி என்ற இயற்பெயர் கொண்ட அவர் வைத்தியர். மருத்துவப் படிப்புக்குக் காசு தேவைப்பட்டபோது கதை எழுதிச் சம்பாதித்துப் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு நீண்ட காலம் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. தன் கையால் சம்பாதித்த பெண்ணுக்கு உட்கார்ந்து புலம்ப நேரம் கிடையாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். அதனால்தான் அவருடைய கதாநாயகிகள் குடும்பத்தையும் கடமையையும் கையில் தூக்கிக்கொண்டே, நடந்துகொண்டே யோசிக்கிறார்கள். முடிவெடுக்கும்போது குரல் உயராது. எனக்கு நெருக்கமானவர் இவர்தான்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் வை. மு. கோதைநாயகி. 1901இல் பிறந்தவர், சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைக்கப்பட்டவர். எழுதப் பழகாத காலத்தில் தன் முதல் நாடகத்தை வாயால் சொல்லிச் சொல்லித் தோழி ஒருவரைக்கொண்டு எழுத வைத்தார். பிறகு தானே எழுத்துப் படித்து, 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி, 115 நாவல் எழுதிவிட்டு 1960இல் காலமானார். முதல் கதையைத் தோழியின் காதில் சொன்ன அந்தப் பழக்கம் அவருடைய நடையை விட்டுப் போகவே இல்லை என்று நினைக்கிறேன். அவருடைய பெண்கள் யோசிப்பது பேச்சில், பக்கத்தில் இன்னொரு பெண் இருக்கும்போது.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வந்த பிறகு வீடுகளில் பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். பூரணி எனக்கும் பிடித்தவள். ஆனாலும் அவள் யோசிக்கத் தொடங்கினால் மேடைப் பேச்சின் சாயல் வந்துவிடுகிறது. அவளை வணங்கலாம், அவள் பக்கத்தில் உட்கார முடியாது. காதல் கதைக்குப் பக்கத்தில் உட்கார முடிகிற பெண் வேண்டும்.

எங்கள் தீவிலும் இந்த வகை எழுத்துக்கு ஒரு பொற்காலம் இருந்தது. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளும் புத்தகங்களும் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. வாசகர்கள் கையில் வாசிக்க ஒன்றுமில்லாத அந்த நேரத்தில் வீரகேசரி பிரசுரம் மலிவு விலையில் உள்ளூர் நாவல்களை வரிசையாகப் போட்டது. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வந்தது. அதில் வரும் பதஞ்சலி வன்னிக் காட்டில், தண்ணிமுறிப்பில் வளர்ந்தவள். அவளுக்கு யோசிக்க ஒரு காடே இருக்கிறது. அந்தக் காட்டை எடுத்துவிட்டால் பதஞ்சலி இல்லை. கதாநாயகியையும் அவள் யோசிக்கும் இடத்தையும் ஒன்றாகப் பிறக்க வைத்த கதை என்று இதைத்தான் காட்டுவேன். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' கடற்கரையில் நடப்பது. 1978இல் படமாகவும் வந்தது. அவருடைய 'கங்கைக் கரையோரம்' எங்கள் பக்கத்து நாவல், பேராதனைப் பல்கலைக்கழகமும் மகாவலியும் அதில் வருகின்றன. திருகோணமலை ந. பாலேஸ்வரி 'பூஜைக்கு வந்த மலர்' எழுதினார். குடும்பப் பெண்கள் வாசிக்கும் கதையை இந்த மண்ணின் பெண் எழுதலாம் என்று காட்டிய முன்னோடி. 1977க்குப் பிறகு கதவு திறந்து இந்தியப் புத்தகங்கள் மறுபடி வந்து குவிந்தபோது உள்ளூர் வரிசை மெலிந்துபோனது. அந்தச் சில வருஷங்களில் வந்த நாவல்களை இன்று தேடி எடுப்பதே பாடாக இருக்கிறது.

சிங்களத்தில் கருணாசேன ஜயலத் 1962இல் எழுதிய 'கொளு ஹதவத்த' இன்னொரு பாடம். பாடசாலைப் பிள்ளைகளின் காதல். 1968இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக எடுத்தார். கதையை ஜயலத் முதலில் பையனின் பக்கத்திலிருந்து முழுக்கச் சொல்லிவிட்டு, பிறகு அதே நாட்களைப் பெண்ணின் எழுத்தில் சொல்கிறார். முதல் பாதியில் அவள் கல்நெஞ்சக்காரி. இரண்டாம் பாதியில்தான் தன் மௌனத்துக்குள் அவள் எவ்வளவு யோசித்திருக்கிறாள் என்று தெரியும். நான் சொல்லும் அந்த ஓர் அத்தியாயத்தை அவர் பாதி நாவலாகவே விரித்துவிட்டார். மனதில் துணிச்சல் உள்ளவர்கள் செய்யும் வேலை அது.

இனி எங்கள் பெண்ணுக்கு வருகிறேன்.

லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதற்குள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, பிள்ளைகள். பழைய இரட்டை லயங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் முதுகோடு முதுகாக இருக்கும். அங்கே இருமினால் இங்கே கேட்கும். இந்த வீட்டில் வயதுக்கு வந்த பெண் ஒருத்தி, ஒருவன் மேல் வைத்த ஆசையை எங்கே வைத்துப் பார்ப்பாள்? விளக்கை அணைத்த பிறகும் தனிமை இல்லை. பீலிக்கரைக்குப் போனால் நாலு குடம் முன்னால் நிற்கும், நாலு வாய் பேசும். கோயிலடியில் கண்கள். ரமணிசந்திரனிடமிருந்து அந்த மனவிசாரணை நடையைக் கற்றுக்கொண்டேன். ஆனால் அதை நடத்த எனக்கு ஒரு படுக்கையறையும் பால்கனியும் கிடையாது. என் கதாநாயகியைக் கண்டி நகரத்து மாடி வீட்டில் குடிவைத்தால் அவளுக்குக் கதவு கிடைத்துவிடும், ஆனால் அந்த அக்காவுக்கு அந்தக் கதையில் இடம் இருக்காது.

அந்த அக்கா சொன்ன கொழுந்து மலைக்கே போனேன். கொழுந்து எடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு நிரை. இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒடித்து, கை நிறைந்ததும் தலைக்குப் பின்னால் எறிய வேண்டும். பழகிய கைக்குக் கண் தேவையில்லை. உடம்பு நிரையில் இருக்கும், மனம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆனால் நெடுநேரம் போக விடமாட்டார்கள். கங்காணி சத்தம் போடுவார், பக்கத்து நிரைக்காரி ஏதாவது கேட்பாள், மடுவத்தில் நிறுக்கக் கூப்பிடுவார்கள். கிலோ குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான். இந்த வெட்டுகளை எழுத்துக்குள் கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியது. என் நாவல் ஒன்றில் அந்த இடம் இப்படி வருகிறது:

'வலது கை ஒடித்தது. இடது கை ஒடித்தது. அவன் சொன்னது பொய் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அம்மா சொன்னது? கங்காணி மேலே நின்று இந்தப் பக்கம் பார்த்தார். இரண்டு எட்டு முன்னால் போனாள். அவன் அம்மா சொன்னதும் பொய்தான் என்றால், எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது? நிறுக்கக் கூப்பிட்டார்கள்.'

கூப்பிட்டதும் அவள் போக வேண்டும். கேள்வி மலையிலேயே நிற்கும். மடுவத்தில் தராசு, கணக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் பகிடி எல்லாம் முடிந்து திரும்பி வந்து நிரையில் நிற்கும்போது கேள்வி கொஞ்சம் மாறியிருக்கும். ஒரே இரவில் படுக்கையில் புரண்டு எடுக்கும் முடிவுக்கும், மூன்று நிறுவைக்கு நடுவே துண்டு துண்டாக யோசித்து எடுக்கும் முடிவுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் அழுகை குறைவு, கணக்கு அதிகம். அவன் குடிப்பானா, என் சம்பளத்தை என் கையில் விடுவானா, தங்கச்சியின் படிப்பு என்னாகும் என்றெல்லாம் வரும். காதலுக்குள் இந்தக் கணக்கு வந்தால் காதல் குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கணக்கெல்லாம் பார்த்த பிறகும் அவன்தான் வேண்டும் என்று அவள் சொல்லும்போது, அந்த வார்த்தைக்கு எடை கூடுகிறது.

இன்னோர் இடம் பஸ். பன்வில பக்கத்திலிருந்து வத்தேகமக்கும், அங்கிருந்து கண்டிக்கும் கடை வேலைக்கும் தையல் வேலைக்கும் போகும் பிள்ளைகளை விடியற்காலை பஸ்ஸில் பாருங்கள். ஜன்னலோர ஆசனம் கிடைத்த பெண்ணிடம் கண்டி வரும்வரைக்கும் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தண்ணீர் தூக்கு, அடுப்பைப் பார், தம்பியைப் பிடி என்று ஒரு குரலும் வராது. நாள் முழுக்க அவளுக்குச் சொந்தமான நேரம் அதுதான். அந்த ஆசனத்தில் உட்கார்ந்துதான் என் கதாநாயகிகள் தங்கள் பெரிய முடிவுகளை எடுக்கிறார்கள். பஸ்ஸை எழுதுவதில் ஒரு வசதியும் இருக்கிறது. இறங்கும் இடம் வந்துவிட்டால் யோசனை முடிந்தாக வேண்டும். எழுத்தாளருக்கு நீட்டி முழக்க இடமில்லை.

மூன்றாவது, வருஷத்தில் ஒருமுறை வரும் காமன் கூத்து. மாசி மாதம் தோட்டத்தில் ரதியும் மதனும் ஆடி வருவார்கள். மாசிப் பௌர்ணமி இரவில் மதன் எரிவான், மூன்றாம் நாள் உயிர்த்தெழுவான். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி போகவேண்டாம் என்று தடுக்கிறாள், கெட்ட கனவு கண்டேன் என்று மன்றாடுகிறாள், வாதாடுகிறாள். அவன் கேட்கவில்லை, சாம்பலாகிறான். அவள் விடவில்லை, உயிரைத் திரும்பக் கேட்டு வாங்குகிறாள். இதைவிடப் பெரிய காதல் கதையை யார் எழுதிவிட்டார்கள்? அந்த இரவு முழுக்கத் தோட்டமே விழித்திருக்கும். பெண்பிள்ளைகள் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, யாரைப் பார்க்கிறோம் என்று யாருக்கும் தெரியாமல் ஒருவனைப் பார்க்கலாம். ரதி வாதாடும் முறையை நான் பல தடவை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். வேடம் கட்டுவது பெரும்பாலும் ஆண்தான். ஆனால் குரல் பெண்ணுடையது, தலைமுறைகளாக வந்த குரல். எங்கள் பெண்களுக்குக் காதலைப் பற்றி வாதாடத் தெரியாது என்று யாராவது சொன்னால் மாசி மாதம் வந்து பார்க்கட்டும்.

தடை இல்லாமல் காதல் கதை இல்லை. சந்தேகம், மாமியார், பணம், பொய்க் கடிதம் என்று தடைகளைத் தேடித் தேடிப் பின்னுகிறோம். மலைநாட்டில் அரசாங்கங்களே தடை போட்டுத் தந்திருக்கின்றன. 1948இல் பறித்த குடியுரிமை. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தாளில் எண்கள். லயத்தில் என்ன நடந்தது? இந்தக் காம்பராவுக்கு இந்தியா கிடைத்தது, அடுத்த காம்பராவுக்கு இலங்கை. தகப்பன் எழுதிக் கொடுத்ததுதான் பெரும்பாலும் பிள்ளைகளின் விதி. கண்டி வந்து கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போனவர்களில் எத்தனை பெண்கள் மனதில் ஒருவனை வைத்துக்கொண்டு போயிருப்பார்கள்? அவனைக் கட்டிக்கொண்டு இங்கேயே நிற்பதா, தாய் தகப்பனோடு போவதா என்று யோசிக்க அவர்களுக்கு எத்தனை நாள் கிடைத்திருக்கும்? கப்பல் தேதி வந்துவிட்டது. இந்த ஒரு சூழ்நிலைக்குள் நூறு நாவல் இருக்கிறது. பெரிய பங்களாவும் தொலைந்துபோன உயிலும் தேவையே இல்லை.

மலையக நாவல் பெரியவர்கள் எழுதி வளர்த்தது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', அதே ஆண்டு வந்த நந்தியின் 'மலைக்கொழுந்து', 1974இல் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. இவற்றை வாசித்துத்தான் எங்கள் வாழ்க்கையும் எழுத்தில் வரும் என்று நான் தெரிந்துகொண்டேன். அவர்கள் துன்பத்தை எழுதினார்கள், எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்த வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையும் வேண்டும் என்கிறேன். கொழுந்து எடுக்கும் பெண் கதையில் வந்தாலே அவள் கடைசியில் ஏமாற வேண்டும், சாக வேண்டும், கப்பலேற வேண்டும் என்று ஆகிவிட்டது. சந்தோஷமாக முடியும் கதை வேண்டுமென்றால் எங்கள் பெண்கள் சென்னைத் தொழிலதிபரின் வீட்டுக்குள் போய்த்தான் அதை வாசிக்க வேண்டியிருக்கிறது. உழைக்கிற பெண்ணுக்கும் விரும்பியவனோடு வாழும் முடிவு நம்பும்படியாக எழுதப்பட வேண்டும். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நம்பும்படியாக என்று சொல்வதில்தான் கைவேலை இருக்கிறது. சந்தோஷமான முடிவை இலவசமாகக் கொடுத்தால் வாசகி கண்டுபிடித்துவிடுவாள். காதல் நாவல்களில் அடிக்கடி வரும் கட்டாயத் தாலி எனக்கு ஒத்துவராததும் இதனால்தான். அவன் மிரட்டித் தாலி கட்டுகிறான், அவள் முந்நூறு பக்கம் வெறுக்கிறாள், பிறகு அவன் நல்லவன் என்று தெரிந்து மன்னிக்கிறாள். இப்படி எழுதியவர்கள் பலர், விற்றதும் நிறைய. அதில் பெண் யோசிக்கிறாள், நான் மறுக்கவில்லை. ஆனால் முடிவு கையை விட்டுப் போன பிறகு யோசிக்கிறாள். அது யோசனையாக இராது, சமாதானம் செய்துகொள்வதாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று சொல்லும் வழி திறந்திருக்கும்போது அவள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். என் கதைகளில் அந்த வழியைக் கடைசிப் பக்கம் வரை திறந்தே வைத்திருப்பேன். அவன் மேல் கோபப்பட்டு அவள் கண்டி பஸ்ஸில் ஏறினால் உண்மையிலேயே போய்விடக்கூடும் என்று வாசகிக்குப் பயம் வர வேண்டும்.

அன்பைக் காட்டுவதற்கும் எங்கள் பக்கம் வேறு வழிகள் உண்டு. பூங்கொத்து, கார்ப் பயணம், வைர மோதிரம் ஒன்றும் வேண்டாம். அட்டைக்கடிக்கு அவள் காலில் தடவச் சவர்க்காரத் துண்டு ஒன்றை அவன் தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தால் போதும். விறகு ஒடிக்கப் போனவன் அவளுடைய வீட்டுக்கும் ஒரு கட்டை இஸ்தோப்பில் போட்டுவிட்டுப் பேசாமல் போனால் போதும். இப்படி ஒரு காட்சியை வாசித்துவிட்டுச் சிரித்து முகத்தை மூடிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். உரிச்சொல்லை அடுக்கி வர்ணிக்கும்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ஜனரஞ்சகம் என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை, ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு பெண் மனதுக்குள் என்ன நினைக்கிறாள் என்பதை, வேறு எந்தப் பெரிய விஷயத்துக்கும் சாட்சியாக இல்லாமல், அதற்காகவே இருநூறு பக்கம் எழுதத் தகுந்தது என்று எடுத்துக்கொண்டது இந்த எழுத்து. கோதைநாயகியும் லட்சுமியும் ரமணிசந்திரனும் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த பெண்களின் கணக்கை எந்தப் பாடசாலையாலும் எட்ட முடியாது. எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்த தாய்மார் ஒரு கதையின் முடிவுக்காக வேகமாக வாசிக்கப் பழகியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குறை சொல்வதற்கு முன்னால் அந்தப் புத்தகங்களில் ஒன்றையாவது முழுதாக வாசியுங்கள்.

இப்போது புத்தகம் கை மாறுவது குறைந்து, தொலைபேசியில் வாசிப்பது கூடியிருக்கிறது. வேலை செய்துகொண்டே காதில் கதை கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அது எனக்கு வருத்தமில்லை. போர்வைக்குள் தொலைபேசி வெளிச்சத்தில் வாசிக்கும் பெண்ணுக்கு, பத்தடி அறையில் முன்பு இல்லாத ஒரு மூலை கிடைத்திருக்கிறது. யோசிக்கும் இடம் மாறினால் கதையும் மாறும். அதை எழுதப்போவது நான் அல்ல, அந்தப் போர்வைக்குள் இருப்பவள்.

அவளுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பன்விலயிலோ, எல்கடுவயிலோ, உக்குவளையிலோ அப்பியாசக் கொப்பியின் பின்பக்கத்திலிருந்து கதை எழுதிக்கொண்டிருக்கிற தங்கச்சி, உன் கதாநாயகியைச் சென்னைக்கு அனுப்பாதே. அவளுக்கு உன் லயத்தையே கொடு, நீ எங்கே இருந்து யோசிக்கிறாயோ அந்த இடத்தைக் கொடு. பெரியவர்கள் என்ன சொல்வார்களோ என்று அவளைக் கடைசியில் அழவைக்காதே. முதல் அத்தியாயம் முடிந்ததும் கொண்டு வா, வாசித்துச் சொல்கிறேன்.